மலிவு மில்லா, விலைகூடிய மில்லா? செயின் சோவால் அகலப் பலகை அரியப் போகிறவர்களுக்கு

வளவுக்குள் இரண்டடி விட்டத்தில், எட்டடி நீளத்தில் ஒரு பச்சை வேப்பங்குற்றி கிடந்தால் அதன் நிறை ஏறத்தாழ 700 கிலோ. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் பலவற்றில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) நுழைவதே பெரும்பாடு. நுழைந்தாலும் குற்றியைப் பெட்டியில் ஏற்ற நாலைந்து பேரும் அலவாங்கும் போதாது. அதனால்தான் நல்ல மரங்கள் துண்டு துண்டாக விறகுக்குப் போகின்றன. குற்றி கிடக்கிற இடத்திலேயே பலகையாக்கினால் ஒவ்வொன்றாகத் தூக்கி வரலாம். எட்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலத் தடிப்புள்ள பச்சைப் பலகை 75 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கலாம். செயின் சோ மில்லின் வேலை இவ்வளவுதான்.

மில் என்றதும் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டாம். அது ஒரு சட்டம். அதற்கு மோட்டார் கிடையாது, பல் கிடையாது. செயின் சோவின் பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை, இரண்டு முனையிலும் கவ்விப் பிடிக்கும். பாருக்கு மேலே, அதற்குச் சமாந்தரமாக ஒரு சோடித் தண்டவாளம் இருக்கும். தண்டவாளத்துக்கும் செயினுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஏற்றி இறக்கலாம். அந்தத் தூரமே பலகையின் தடிப்பு. தண்டவாளத்தைக் குற்றியின் மட்டமான மேற்பரப்பில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால், அதே அளவு கீழே செயின் அரிந்துகொண்டு வரும். இந்த வகைக்கு அலாஸ்கன் மில் என்று பெயர். அமெரிக்காவின் கிரான்பேர்க் நிறுவனத்துடையதுதான் அதிகம் அறியப்பட்டது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாச் சட்டங்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்தவை. பாரின் ஒரு முனையை மட்டும் பிடித்து, ஒரு பலகை வழியே நிறுத்தியபடி ஓடும் சின்ன மில்லும் உண்டு. அது குற்றியைச் சதுரிக்கவும் பலகையின் ஓரம் எடுக்கவும் உதவும், அகலப் பலகைக்கு உதவாது.

மலிவுச் சட்டத்தின் விலை விலைகூடியதின் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று அளவில்தான் இருக்கும். எது நல்லது என்று கேட்பதற்கு முன் காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு மூன்று பொருள் தேவை: வாள் (செயின் சோ), பாரும் செயினும், சட்டம். மூன்றிலும் மலிவானதும், குறை இருந்தால் உள்ளூர் வெல்டிங் கடையில் திருத்தக்கூடியதும் சட்டம் ஒன்றுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் சட்டத்தை வரவழைத்து, அதைக் கடையில் வாங்கிய 58 சிசி மலிவு வாளில் பூட்டுகிறார்கள்.

வாளில் தொடங்குவோம்

குற்றியைக் குறுக்கே துண்டாக்குவதும் நெடுகப் பலகையாக அரிவதும் வாளுக்கு ஒரே வேலை அல்ல. குறுக்கு வெட்டு அரை நிமிடத்தில் முடிந்துவிடும், வாள் மூச்சு விடும். நெடுக அரியும்போது ஒவ்வொரு பல்லும் நார்களின் முனையை நேருக்கு நேர் சீவுகிறது. எட்டடி நீளம், 20 அங்குல அகலமுள்ள ஒரு வெட்டுக்கு 70 சிசி வாள் ஐந்து முதல் பத்து நிமிடம் முழு வேகத்தில் இடைவிடாமல் ஓட வேண்டும். வைரமான மரத்தில் இன்னும் கூடும். சின்ன எஞ்சின் இந்தச் சூட்டைத் தாங்காது. முதலில் சுற்று விழும், பிறகு பிஸ்டன் சிலிண்டரோடு உரசிப் பிடித்துக்கொள்ளும்.

கைக்கணக்கு இது: 14 அங்குலம் வரைக்கும், அதுவும் மென்மையான மரத்துக்கு, 60 சிசி. 20 முதல் 24 அங்குலத்துக்கு 70 சிசிக்குக் குறையாமல். அதற்கு மேலே 90 சிசியும் அதற்குக் கூடியதும். பெயர் சொல்வதானால் ஸ்டில் எம்.எஸ். 381, ஹஸ்க்வர்னா 372 ஆகியவை 70 சிசி வகுப்பு. எம்.எஸ். 661, ஹஸ்க்வர்னா 395 ஆகியவை 90 சிசி வகுப்பு. பழைய ஸ்டில் 070 நூறு சிசிக்கு மேல். சுற்றுக் குறைவு, இழுவை அதிகம். நெடுக அரிவதற்கு அது இன்றைக்கும் நல்ல வாள்தான், ஆனால் தூக்குகிறவருக்கு முதுகு வேண்டும்.

70 சிசி வாள் முழு வேகத்தில் மணிக்கு 2 லீற்றருக்கு மேல் குடிக்கும். பெற்றோலும் ஒயிலும் வாளின் கைநூல் சொல்லும் விகிதத்தில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. பலகை அரியும்போது காபரேட்டரின் ‘எச்’ திருகைக் கொஞ்சம் திறந்து, பெற்றோல் சற்றுக் கூடப் போகும்படி வைப்பது வழக்கம். உச்சச் சுற்று சில நூறு குறையும், எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும். வெட்டு முடிந்தவுடன் நிறுத்தக் கூடாது. ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு நிறுத்துங்கள். எயார் ஃபில்டரை ஒவ்வொரு தாங்கிப் பெற்றோலுக்கும் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். நெடுக அரியும்போது வரும் தூள் நுண்ணியது, ஃபில்டரை அடைத்துவிடும்.

சட்டத்தில் உண்மையில் என்ன வித்தியாசம்

விலைகூடிய சட்டத்தில் தண்டவாளம் தடித்த அலுமினியம், பாரம் குறைவு, வளையாது. கவ்விகள் சரியான செங்கோணத்தில் வரும். நட்டுகள் அதிர்வில் கழராத வகை. ஒரு கவ்வி உடைந்தால் அதை மட்டும் வாங்கலாம். ஏற்றி இறக்கும் தூண்களில் உள்ள அளவுக்கோடு நம்பக்கூடியதாக இருக்கும்.

மலிவுச் சட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். சதுரக்குழாயின் சுவர் மெல்லியது, விரலால் தட்டினாலே சத்தத்தில் தெரியும். வெட்டிய முனைகளில் பிசிர். துளைகள் அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் தள்ளிப் போட்டிருக்கும். அதனால் இரண்டு தூணும் ஒரே அளவில் நிற்காது. போல்ட்டை இறுக்கும்போது மரை வழுக்கும், ஏனென்றால் இரும்பு மென்மையானது. இவை ஒன்றும் தீராத நோய் அல்ல. ஆனால் திருத்தாமல் ஓட்டினால் பலகையின் ஒரு ஓரம் 50 மில்லிமீற்றரும் மறு ஓரம் 46 மில்லிமீற்றருமாக வரும். அடுத்த பலகை அந்தச் சரிவான முகத்தில் ஓடுவதால் பிழை அப்படியே கீழே இறங்கும்.

அகலம் இந்த முடிவில் பெரிய பங்கு எடுக்கிறது. ஒரு சட்டம் நடுவில் தொய்வது நீளத்தோடு நேராகக் கூடுவதில்லை, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். 24 அங்குலச் சட்டத்தை அதே குழாயில் 36 அங்குலமாக்கினால் தொய்வு ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 48 ஆக்கினால் எட்டு மடங்கு. 24 அங்குலத்தில் கண்ணுக்குத் தெரியாத குறை 48 அங்குலத்தில் பலகையின் நடுவைக் குழியாக்கிவிடும். ஆகவே எங்கள் கணக்கு இப்படி: 24 அங்குலம் வரைக்கும் மலிவுச் சட்டத்தைத் திருத்திப் பாவிக்கலாம். 36 அங்குலம் என்றால் மலிவானது வேண்டாம், அல்லது வெல்டிங் கடையில் குறுக்குச்சட்டம் ஒட்டி விறைப்பாக்கத் தயாராக இருங்கள். 48 அங்குல மலிவுச் சட்டத்தைக் காசு கொடுத்து வாங்க ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொன்று, விளம்பரத்தில் சொல்லும் அகலம் வெட்டும் அகலம் அல்ல. கவ்விகள் இரண்டு பக்கமும் இடம் எடுக்கும். பாரின் நீளத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். 24 அங்குலப் பாரில் 18 முதல் 20 அங்குலக் குற்றிதான் போகும்.

மலிவுச் சட்டம் வாங்கினால் முதல் நாள் வேலை

கூட வந்த போல்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, ரவுணில் இரும்புக்கடையில் அதே தடிப்பில் 8.8 தரப் போல்ட்டும் நைலோன் வளையம் உள்ள நட்டும் வாங்குங்கள். போல்ட் தலையில் 8.8 என்று அடித்திருக்கும். பிசிர்களை அரத்தால் எடுங்கள். குற்றியின் மேல் உரசும் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து விரலை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படும் இடம் எல்லாம் பலகையில் கோடாக வரும்.

பிறகு சட்டத்தைப் பாரில் பூட்டுங்கள். முனைப்பக்கக் கவ்வி பார் மூக்கில் உள்ள சின்னப் பற்சில்லின் மேல் விழக் கூடாது, அதற்குப் பின்னால் பிடிக்க வேண்டும். சில்லை நெரித்தால் அது சுற்றாது, சூடேறி நீலமாகும், பார் போச்சு. கவ்வி செயினைத் தொடாமல் பாரின் உடம்பை மட்டும் பிடிக்கிறதா என்று கையால் செயினை ஒரு முழுச் சுற்று இழுத்துப் பாருங்கள், கையுறையோடு, எஞ்சின் நின்றிருக்க, பிளக் வயர் கழற்றியிருக்க.

அடுத்தது அளவு. தூணில் உள்ள கோட்டை நம்பாமல் தண்டவாளத்தின் அடிப்பக்கத்திலிருந்து செயினுக்கு இரண்டு முனையிலும் வேணியரால் அளந்து சமமாக்குங்கள். மூலைமட்டம் வைத்துத் தூண் நிமிர்ந்து நிற்கிறதா பாருங்கள். அளக்கும்போது பார் வரைக்கும் அளக்காதீர்கள். பல்லின் மேல்நுனி வரைக்கும் அளக்க வேண்டும். செயின் வெட்டும் வழி பாரை விட அகலம், இரண்டு பக்கமும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். பார் வரைக்கும் அளந்தால் பலகை அவ்வளவு மெலிந்து வரும்.

செயின்: கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம்

சாதாரணச் செயினில் பல்லின் மேல்தட்டு 30 பாகை சாய்வாகத் தீட்டியிருக்கும். நெடுக அரிய அது 10 பாகையளவில் இருக்க வேண்டும். ரிப்பிங் செயின் என்று விற்பது அதுதான். கிடைக்காவிட்டால் கையிலுள்ள சாதாரணச் செயினை ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாக 10 பாகைக்குக் கொண்டுவரலாம். 3/8 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி) செயினுக்கு 5.2 மில்லிமீற்றர் வட்ட அரம், .404 பிட்சுக்கு 5.5. வாங்கும்போது மூன்று விபரம் கட்டாயம்: பிட்ச், கேஜ் (பாரின் தடத்துக்குள் ஓடும் ட்ரைவ் லிங்கின் தடிப்பு), ட்ரைவ் லிங்குகளின் எண்ணிக்கை. கேஜ் 0.050, 0.058, 0.063 அங்குலங்களில் ஒன்றாக இருக்கும், பாரின் அடியில் பொறித்திருப்பார்கள். ஒன்று பிழைத்தாலும் செயின் பாரில் சரியாகப் பொருந்தாது.

வைரமான மரத்தில் ஒரு வெட்டு, அதிகம் போனால் இரண்டு வெட்டுக்கு ஒருமுறை தீட்ட வேண்டும். தீட்டும்போது இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே நீளமா, பல்லுக்கு முன்னால் உள்ள ஆழக்கட்டை, அதாவது பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்று தீர்மானிக்கும் மேடு, எல்லாவற்றிலும் பல்லை விட ஒரே அளவு தாழ்வா (0.025 அங்குலம், அதாவது 0.65 மில்லிமீற்றர் அளவில்) என்று பாருங்கள். ஒரு பக்கம் குட்டையானால் வாள் நேராகப் போகாமல் ஒரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பலகை கிண்ணம் போல வந்தால் சட்டத்தைத் திட்டுவதற்கு முன் பல்லைப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும். வாள் மொட்டையாகிவிட்டதற்கு அடையாளம் தூள். கையில் சொரசொரப்பான தூள் வந்தால் சரி. கறுத்த மாவு வந்தால் நிறுத்துங்கள்.

செயினுக்கு ஊற்றும் ஒயிலும் இதோடு சேர்ந்தது. வாகனத்திலிருந்து இறக்கிய பழைய ஒயிலை ஊற்றும் பழக்கம் நம் ஊரில் நிறைய. அதில் இரும்புத் தூள் மிதக்கிறது, பாரின் தடத்தைத் தேய்க்கும். பலகையையும் கறுப்பாக்கும். செயின் ஒயில்தான் வேண்டும். பார் 36 அங்குலத்துக்கு மேல் போனால் வாளின் சொந்தப் பம்பு மூக்குவரைக்கும் ஒயிலைக் கொண்டுசேர்க்காது. மூக்குப் பக்கம் சொட்டும் ஒரு சின்னத் தாங்கியும் குழாய்ப்பூட்டும் வைப்பார்கள். விலைகூடிய சட்டத்தோடு சில வேளைகளில் அது வரும், மலிவில் நீங்களே செய்ய வேண்டும்.

முதல் வெட்டு

குற்றியின் மேல்பக்கம் உருண்டையானது. தண்டவாளம் உட்கார மட்டமான இடம் இல்லை. ஆகவே முதல் வெட்டுக்கு மட்டும் ஒரு வழிகாட்டி வேண்டும். நேரான அலுமினிய ஏணி இதற்கு அருமையானது. இல்லாவிட்டால் இரண்டு நேரான 4க்கு 2 சட்டங்களைக் குறுக்குக்கட்டையால் சேர்த்து ஏணி மாதிரி அடித்துக்கொள்ளலாம். எட்டடிக் குற்றிக்குப் பத்தடி. இரண்டு முனையிலும் ஓர் அடி வெளியே நீட்டினால்தான் மில் குற்றிக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் சரியாது.

குற்றியைத் தாங்குகட்டைகளில் ஏற்றி, உருளாமல் ஆப்பு வைத்து, ஏணியை மேலே வைத்து, நூல் பிடித்தும் மட்டம் வைத்தும் நேராக்கித் திருகால் பூட்டுங்கள். ஏணி முறுகியிருக்கக் கூடாது: இரண்டு முனையிலும் குறுக்கே மட்டம் வைத்தால் ஒன்றுபோலக் காட்ட வேண்டும். முதல் வெட்டில் முறுகல் வந்தால் கடைசிப் பலகைவரைக்கும் அதே முறுகல் வரும். எவ்வளவு விலைகூடிய சட்டமும் இதைத் திருத்தாது. குற்றியின் மேல் ஏணி நிற்கும் உயரம் 4 அங்குலம், முதுகில் 3 அங்குலம் எடுக்க வேண்டுமென்றால் மில்லை 7 அங்குலத்தில் வையுங்கள். திருகு மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்து, வெட்டு அதற்குக் கீழே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாளைத் தொடங்க வேண்டும். முதல் வெட்டிலேயே திருகை வெட்டிச் செயினைப் பாழாக்குவது தொடக்கக்காரர் எல்லோரும் விழும் குழி.

குற்றியின் முன்முனை, அதாவது வெட்டு போகும் திசை, சற்றுச் சரிவாக இருந்தால் வாளின் நிறையே உங்களுக்காகத் தள்ளும். இரண்டடிக்கு ஒருமுறை பின்னால் மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக் ஆப்புச் செருகுங்கள், பலகை இறங்கிப் பாரை நெரிக்காமல் இருக்க. இரும்பு ஆப்பு வேண்டாம். முதல் பரப்பு கிடைத்தபின் ஏணி தேவையில்லை.

வாள் தின்னும் மரத்தையும் கணக்கில் எடுங்கள். செயின் ஒரு வெட்டுக்கு 8 முதல் 9 மில்லிமீற்றர் தூளாக்கும், மரக்காலையில் பட்டை வாள் 2 மில்லிமீற்றர்தான். பத்துப் பலகைக்கு ஒன்பது வெட்டு: 80 மில்லிமீற்றர், அதாவது ஒன்றரைப் பலகை தூளாகப் போகிறது. குற்றியை மரக்காலைக்குக் கொண்டுபோக வழியிருந்தால் கொண்டுபோங்கள், மில் வாங்காதீர்கள். அங்கே வாளுக்குள் நுழையாத அகலம், அல்லது வெளியே எடுக்க முடியாத வளவு, இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த வேலை.

நம்மூர் மரங்கள்

வேலியோரத்து மரங்களில் முள்ளுக்கம்பியும் ஆணியும் மரத்துக்குள்ளேயே புதைந்து போயிருக்கும். பூவரசிலும் வேம்பிலும் இது சாதாரணம். போர் நடந்த இடங்களின் மரங்களில் ஷெல் துண்டும் சன்னமும் உண்டு. வெளியே தழும்பு மூடியிருக்கும், உள்ளே நீலக்கறுப்புக் கறை இருந்தால் இரும்பு கிட்டத்தில் இருக்கிறது. சின்னக் கை உலோகமானி ஒன்று ஒரு செயினின் விலையை முதல் நாளிலேயே மீட்டுத்தரும். விலைகூடிய சட்டம் வாங்கவிருந்த காசில் மிச்சம் பிடித்து இதற்குக் கொடுக்கலாம்.

பனையை அகலப் பலகையாக அரிய நினைக்காதீர்கள். அதில் வைரம் வெளிப்பக்கம்தான், நடுவில் சோத்தி. அகல வெட்டின் நடு முழுக்க உதிர்ந்துபோகும். பனையைப் பிளந்து வெளிப்பக்கத்தைச் சீவித் தீராந்தியும் சிலாகையும் எடுத்த பழைய முறைதான் அந்த மரத்துக்குச் சரி. முதிரை அரிந்தால் தூள் தோலில் படாமல் பாருங்கள், அரிப்பும் கொப்புளமும் வரும். மாமரம் அரிய இலகு, ஆனால் நீலம் பிடிக்கும், உளுக்கும். அரிந்த அன்றே அடுக்க வேண்டும்.

அரிந்தபின் இரண்டு முனைக்கும் உடனே பெயின்ற் அல்லது உருக்கிய மெழுகு பூசுங்கள். நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, ஒன்றரை முதல் இரண்டடிக்கு ஒரு சிலாகை வைத்து அடுக்குங்கள். சிலாகைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வர வேண்டும். சோளகம் வீசும் பக்கம் மறைப்பு வேண்டும், இல்லாவிட்டால் மேல்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்கும். மாரியில் அடுக்கைத் தகரத்தால் மூடிப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். இரண்டு அங்குலம் முடிவாக வேண்டுமானால் பச்சையில் இரண்டேகால், இரண்டரையில் அரியுங்கள்.

சாரம் கட்டிக்கொண்டு இந்த வேலை செய்யாதீர்கள். காதுமூடி, கண்ணாடி, தூளுக்கு மூச்சுக்கவசம், முன்பக்கம் பாதுகாப்புத் துணி உள்ள காற்சட்டை, சப்பாத்து. குனிந்தபடி பத்து நிமிடம் புகையைச் சுவாசிக்கிற வேலை என்பதால் காற்று உங்கள் பக்கத்திலிருந்து வாள் பக்கம் போகிற மாதிரி குற்றியைத் திருப்பிப் போடுங்கள்.

வாங்கும் முன் ஒருமுறை விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். இலங்கையில் செயின் சோ பதிவு செய்ய வேண்டிய பொருள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். அரிந்த பலகையை வீதியால் ஏற்றிச் செல்லும்போதும் மரத்தைப் பொறுத்து அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். பத்திரம் கையில் வந்தபின் மரத்தில் கை வையுங்கள்.

கையில் 70 சிசி வாள் ஏற்கெனவே இருக்கிறது, வருடத்தில் இரண்டு மூன்று குற்றி, அகலம் 20 அங்குலத்துக்குள் என்றால் மலிவுச் சட்டமும் இரண்டு ரிப்பிங் செயினும் போதும். வேறொருவரின் வளவுக்குப் போய்க் கூலிக்கு அரியப் போகிறீர்கள் என்றால், அல்லது 30 அங்குலத்தைத் தாண்டும் மாவும் புளியும் வரப்போகிறது என்றால், விலைகூடிய சட்டத்தை 90 சிசி வாளோடு சேர்த்து வாங்குங்கள். வாளுக்குக் காசு போதாதவரைக்கும் சட்டத்துக்கு ஓடர் கொடுக்க வேண்டாம். எதை வாங்கினாலும் அதே பெட்டியில் ஒரு மேலதிக செயின், மூன்று வட்ட அரம், ஆழக்கட்டைக்கு ஒரு தட்டை அரம், ஒரு சோடி மேலதிக நட்டு, ஆறு பிளாஸ்டிக் ஆப்பு சேர்த்து எடுங்கள்.